முதுகுக்குக் கீழே ஐந்து சென்டிமீட்டர்

மார்ச் மாதத்தில் ஜார்ஜியாவின் வடக்கு மலைகளில் பகலில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நடக்கலாம். இரவில் பாட்டில் தண்ணீர் உறையும். அப்பலாச்சியன் நடைபாதையின் தென்முனையான ஸ்பிரிங்கர் மலை 1,150 மீட்டர் உயரம்தான். ஆனால் அங்கிருந்து மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் மலை வரை சுமார் 3,500 கிலோமீட்டரையும் ஒரே பருவத்தில் நடந்து முடிக்க நினைப்பவர்கள், வடக்கே குளிர் வருவதற்குள் போய்ச் சேர வேண்டுமென்று, தெற்கே குளிர் போவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறார்கள்.

அப்படி ஒரு மார்ச் இரவில், இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிய ஹேமக்கில், உறைபனிக்கும் தாங்கும் என்று சொல்லி விற்ற ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுத்துக்கொண்டு நான் நடுங்கினேன். மார்பு கதகதவென்று இருந்தது. கழுத்தில் லேசாக வேர்வைகூட. இடுப்புக்குக் கீழே மட்டும் யாரோ ஈரத்துணியை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. அப்போது வெளியே மூன்று டிகிரி. ஸ்லீப்பிங் பேக்கில் பழுது எதுவும் இல்லை. அதைத் தரையில் ஒரு பாயின்மேல் விரித்துப் படுத்திருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

அமெரிக்க நடையர்கள் இந்த அவஸ்தைக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் நாசூக்காகத் தமிழில் சொன்னால், ‘பின்புறக் குளிர் நோய்’. தரையில் படுப்பவருக்கு மண்ணோடு மட்டும்தான் சண்டை. மண் எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் அசையாமல் கிடக்கிறது. ஹேமக்கில் படுப்பவரின் அடிப்பக்கம் முழுவதும் காற்றுக்குத் திறந்திருக்கிறது. நாம் சூடாக்கிய காற்றைத் தள்ளிவிட்டு அடுத்த நொடியே புதுக் குளிர்காற்று வந்து நிற்கிறது. ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பகுதியோ உடல் எடையில் நசுங்கி வெறும் இரண்டு துணிகளாகிவிடுகிறது. எந்தப் போர்வையும் தானாகச் சூடு தருவதில்லை. அதன் இழைகளுக்குள் சிக்கி அசையாமல் நிற்கும் காற்றுதான் நம் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. நசுங்கிய இடத்தில் அந்தக் காற்று இல்லை. அதனால்தான் இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே ஹேமக்கில் பலருக்கு அடியில் ஏதாவது தேவைப்பட ஆரம்பித்துவிடுகிறது. கூடாரத்திலேயே படுத்துப் பழகியவர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

யோசித்துப் பார்த்தால் ஹேமக்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது பிறந்ததே உடம்பைக் குளிர்விக்கத்தான். 1492இல் கொலம்பஸ் கரீபியன் தீவுகளில் இறங்கியபோது அங்கிருந்த தைனோ மக்கள் ‘ஹமாக்கா’ என்ற அந்தத் தொங்கும் படுக்கையில்தான் படுத்திருந்தார்கள். வெக்கை, ஈரம், பூச்சி மூன்றுக்கும் அது ஒரே பதில். 1597இல் ஆங்கிலேயக் கடற்படை அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் மாலுமிகள் வெறும் கான்வாஸில் படுக்கவில்லை. மெல்லிய மெத்தையும் கம்பளியும் உள்ளே போட்டுக்கொண்டார்கள். நம் வீட்டுத் தூளியிலும் நடப்பது இதுதான். மார்கழிக் குளிரில் பாட்டிமார் சேலையை இன்னொரு மடிப்பு மடித்துக் கட்டுவார்கள், குழந்தைக்கு அடியில் பழைய வேட்டியை நாலாக மடித்து விரிப்பார்கள். மேலே போர்த்துவது அப்புறம்தான். வெக்கைக்குப் பிறந்த பொருளைப் பனிக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர் முதலில் பணம் செலவழிக்க வேண்டிய இடமும் அடிப்பக்கம்தான். இதற்கு நேர்மாறாகத்தான் கிட்டத்தட்ட எல்லாரும் ஆரம்பிக்கிறோம். நானும் அப்படித்தான்.

எவ்வளவு கனம் வேண்டும்? கடைக்காரரைக் கேட்பதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தூங்கும் மனித உடல் ஒரு சதுர மீட்டர் தோலுக்குச் சுமார் 40 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. அதில் கால் பங்கு மூச்சிலும் கண்ணுக்குத் தெரியாத வேர்வையிலும் போய்விடும் என்று வையுங்கள். மீதி 30 வாட் போர்வை வழியாகப் போக வேண்டும். தோல் 33 டிகிரி, வெளியே மைனஸ் 5. வித்தியாசம் 38 டிகிரி. உப்பிய இறகோ பஞ்சோ வெப்பத்தைக் கடத்தும் அளவை 0.04 என்று எடுத்துக்கொண்டால், விடை ஐந்து சென்டிமீட்டர். அதாவது உடம்பைச் சுற்றி எல்லாப் பக்கமும், முதுகுக்குக் கீழேயும், ஐந்து சென்டிமீட்டர் நசுங்காத கனம் இருந்தால் மைனஸ் 5 டிகிரியில் சுமாராகத் தூங்கலாம். தோராயக் கணக்குதான், காற்று அடித்தால், களைப்பாக இருந்தால், பசியோடு படுத்தால் எல்லாம் மாறும். என்றாலும் கையில் ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிற தைரியத்தை இந்தக் கணக்கு தருகிறது.

முதல் வழி, எல்லாரும் தொடங்குகிற வழி, பேட். ஃபோம் பாய் மலிவு. சாதாரண நீல நிற ஃபோம் 20 டாலருக்குள் கிடைத்துவிடும். அது நசுங்காது, நனையாது, ஓட்டை விழாது. சூடு வெளியேறாமல் தடுக்கும் திறனைச் சொல்லும் எண் ஆர் மதிப்பு; மடக்குவகை ஃபோம் பாய்களுக்கு அது ஏறத்தாழ 2. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டைப் போட்டால் மதிப்புகளும் கூடி 4 ஆகும். காற்றடைத்த பேட்களில் உயர்ந்த ரகமான எக்ஸ்தெர்ம் 7.3 வரை போகிறது. எண்ணை மட்டும் பார்த்தால் இதோடு கட்டுரையை முடித்துவிடலாம்.

தொல்லை எண்ணில் இல்லை, வடிவத்தில். ஹேமக் வளைந்த துணி, பேட் தட்டையான பலகை. புரண்டு படுத்தால் பேட் ஒரு பக்கம் வழுக்கி ஓடும், நடுராத்திரியில் அதைத் துரத்திப் பிடிப்பது தனி விளையாட்டு. துணியின் பக்கவாட்டுகள் தோளை இருபுறமும் அணைத்துக்கொள்வதால், 50 சென்டிமீட்டர் அகலப் பேட் முதுகைக் காப்பாற்றித் தோள்களைக் கைவிட்டுவிடும். இதற்காகச் சிலர் ஃபோமை வெட்டிப் பக்கத்துக்கு ஒரு சிறகு ஒட்டுகிறார்கள். பார்க்க அசிங்கம், ஆனால் வேலை செய்கிறது. இரண்டடுக்குத் துணி கொண்ட ஹேமக் வாங்கி, அடுக்குகளுக்கு நடுவே பேட்டைச் செருகினால் வழுக்கல் பாதி குறையும். ஃபோம் காற்றை விடாது என்பதால் வேர்வையும் போக வழியின்றி முதுகில் தங்கும். காலையில் சட்டை சில்லென்று ஒட்டிக்கொண்டிருக்கும். காற்றுப் பேட்டை முழுதாக ஊதாமல் அரைவாசிக்கு ஊதினால் கொஞ்சம் வளையும்.

இத்தனைக்கும் பிறகு, பேட்டை மூட்டையிலிருந்து தூக்கிப் போடாதீர்கள் என்பதுதான் என் கட்சி. அப்பலாச்சியன் பாதையில் நடக்கிறவருக்கு அது ஒரு காப்பீடு. கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் பாதை சுமார் 115 கிலோமீட்டர் போகிறது. குவோஹி சிகரத்தில் 2,025 மீட்டருக்கு ஏறுகிறது. அந்தப் பகுதியில் நெடுநடையர்கள் மர ஷெல்ட்டர்களில் இடமிருந்தால் அங்கேதான் படுக்க வேண்டும். அந்த மரப்பலகையில், அடுத்துச் சொல்லப்போகும் அண்டர்குயில்ட்டால் ஒரு பயனும் இல்லை. பேட் இருந்தால் இரண்டு இடத்திலும் படுக்கலாம்.

இனி அண்டர்குயில்ட். ஹேமக்குக்கு அடியில், வெளிப்பக்கமாக, எலாஸ்டிக் கயிற்றில் தொங்கும் ரஜாய் இது. உடல் எடை அதன்மேல் விழுவதில்லை என்பதால் நசுங்குவதில்லை. ஹேமக்கின் வளைவுக்கு ஏற்ப வளைந்து தோள்களையும் சுற்றி வருகிறது. வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கொடுத்த மெல்லிய பான்சோ லைனரை நான்கு மூலைகளிலும் கயிறு கட்டி ஹேமக்குக்கு அடியில் தொங்கவிட்டு ஏழைகளின் அண்டர்குயில்ட்டாக்கிக்கொள்வது இன்றும் நடக்கிறது. பத்துப் பன்னிரண்டு டிகிரி வரை அது போதும். கடையில் வாங்குவதில் முழு நீளம், முக்கால் நீளம் என்று இரு வகை. முக்கால் நீளம் கழுத்திலிருந்து முழங்கால் வரை, சுமார் 130 சென்டிமீட்டர். எடை குறைவு, விலையும் குறைவு. பாதத்துக்கு மடக்கிய உட்காரும் ஃபோம் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். உறைபனிக்குக் கீழே போகிறவர்கள் முழு நீளம் வாங்குவதே நல்லது என்பது என் அனுபவம். தூக்கத்தில் கால் எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்?

அண்டர்குயில்ட்டில் எல்லாம் அடங்கியிருப்பது அதைக் கட்டுகிற விதத்தில். இதை எந்த லேபிளும் சொல்வதில்லை. தளர்வாகத் தொங்கினால் ஹேமக் துணிக்கும் குயில்ட்டுக்கும் நடுவே ஒரு சந்து விழும். இரவெல்லாம் குளிர்காற்று அதற்குள் புகுந்து புறப்படும்; விலை உயர்ந்த மைனஸ் 10 டிகிரிக் குயில்ட்டும் வெறும் அலங்காரமாகிவிடும். இறுக்கிக் கட்டினாலோ இறகு நசுங்கி, பழைய கதைக்கே திரும்புவோம். நடுவில் ஒரு விரற்கடை இடைவெளியில்தான் சுகம். அதைக் கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது: கயிற்றைத் தோராயமாக மாட்டிவிட்டு ஹேமக்கில் ஏறி, வழக்கமாகப் படுப்பதுபோல் குறுக்காகப் படுத்துக்கொள்ளுங்கள். ஏறிய பிறகுதான் துணி இழுபட்டுத் தாழும். வெறும் ஹேமக்கைப் பார்த்துக் கயிற்றைச் சரிசெய்வது வீண். இப்போது ஒரு கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, ஹேமக்குக்கும் குயில்ட்டுக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள். இடுப்புக்கு நேர் கீழே கை சுலபமாக ஆட முடிந்தால் தளர்வு. நுழையவே சிரமப்பட்டால் இறுக்கம். துணி கையின் இரு பக்கமும் மெதுவாகத் தொட்டுக்கொண்டிருந்தால் சரி. பிறகு தலைப்பக்கமும் கால்பக்கமும் உள்ள சுருக்குக் கயிறுகளை இழுத்து இரு வாய்களையும் மூட வேண்டும். நான் அந்த மார்ச் இரவுக்குப் பின் வாங்கிய முதல் அண்டர்குயில்ட்டிலும் மூன்று இரவுகள் குளிர்ந்தேன். குற்றம் கழுத்துப் பக்கத்துச் சுருக்கை மூடாததில்தான்.

ஹேமக்கைக் கட்டுகிற கோணமும் இதில் கை வைக்கிறது. கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிவில் இருந்தால் துணி தேவையான அளவு தொய்ந்து, குறுக்காகப் படுக்க இடம் கொடுக்கும். முதுகு ஏறக்குறைய நேராக இருக்கும். கம்பிபோல் இழுத்துக் கட்டினால் பக்கவாட்டுகள் உயர்ந்து தோளை நெருக்கும், அண்டர்குயில்ட்டுக்கும் வடிவம் பொருந்தாது. வாங்கும்போது கவனிக்க வேண்டிய தையல் நுணுக்கம் ஒன்று: உட்துணி சின்னதாகவும் வெளித்துணி சற்றுப் பெரிதாகவும் வெட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். அப்படி வெட்டினால் குயில்ட் வளையும்போது உள்ளிருக்கும் இறகு நசுங்காமல் உப்பி நிற்கும். இரண்டு துணியும் ஒரே அளவென்றால், சரியாகக் கட்டினாலும் வளைவில் கனம் குறைந்துவிடும்.

உள்ளே என்ன அடைப்பது என்ற வாதம் பழையது. டவுன் என்று ஆங்கிலத்தில் சொல்லும் பொருளுக்குத் தமிழில் அழகான சொல் உண்டு: தூவி. வாடைக் காற்றைப் பாட வந்த நெடுநல்வாடையிலேயே அரசியின் படுக்கை அன்னத்தின் தூவியால் ஆனது. இப்போது அன்னத்துக்குப் பதில் வாத்து. தூவியின் தரத்தை ஃபில் பவர் என்ற எண்ணால் அளக்கிறார்கள். 800 என்றால் ஓர் அவுன்ஸ் தூவி உப்பி 800 கன அங்குலத்தை நிரப்பும். நம் கணக்கில் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 0.46 லிட்டர். இரண்டு மீட்டர் நீளம், 115 சென்டிமீட்டர் அகலம், ஐந்து சென்டிமீட்டர் கனம் கொண்ட அண்டர்குயில்ட்டுக்கு 115 லிட்டர் வேண்டும், அதாவது 250 கிராம் தூவி. ஈரத்திலும் அழுக்கிலும் உப்பல் குறையும் என்பதால் நல்ல தயாரிப்பாளர்கள் இதைவிடக் கால் பங்காவது கூட்டியே அடைக்கிறார்கள். லேபிளில் தூவியின் எடையை எழுதாத கம்பெனியை நான் நம்புவதில்லை.

சிந்தடிக்கில் பெரும்பாலோர் நாடுவது கிளைமாஷீல்ட் ஏபெக்ஸ். அறுபடாத நீண்ட இழைகளால் ஆன தகடு என்பதால் அறை அறையாகத் தைக்க வேண்டியதில்லை. வீட்டுத் தையல் மெஷினில் சொந்தமாக அண்டர்குயில்ட் தைப்பவர்களுக்கு இதுதான் செல்லப் பொருள். அதன் கனத்த ரகங்களில் ஒன்று சதுர மீட்டருக்கு 200 கிராம். மேலே சொன்ன அளவுக் குயில்ட்டுக்கு 460 கிராம் வரும். அதே குளிருக்குத் தூவியைவிட எடை கூடுதல், மூட்டையில் பிடிக்கும் இடம் அதைவிடக் கூடுதல். அழுத்தி அழுத்தி மடித்தால் சில வருடங்களில் இழை தளர்ந்துவிடும். தூவியை ஒழுங்காகத் துவைத்து, தொங்கவிட்டுக் காத்தால் இருபது வருடம்கூட வரும். ஆனால் தூவி நனைந்தால் கட்டிதட்டி ஈரக் கோழியாகிவிடும். தண்ணீர் ஒட்டாத பூச்சு கொடுத்த தூவி வந்திருக்கிறது. அது நனைவதைத் தாமதப்படுத்தும், தடுக்காது.

தென் அப்பலாச்சியாவின் குளிர் வறண்ட குளிர் அல்ல. மூன்று டிகிரியில் இரண்டு நாள் விடாமல் பெய்யும் மழையும் மூடுபனியும்தான் அங்கே ஆளைச் சாய்க்கின்றன. அந்த ஊருக்கு, அதுவும் ஹேமக்குக்கு மேலே மழைக்கூரையான டார்ப்பைக் கட்டுவதில் கை பழகாத புதியவருக்கு, நான் சிந்தடிக் அண்டர்குயில்ட்டையே சொல்வேன். மைனஸ் 10க்குக் கீழே, கொலராடோ மாதிரி வறண்ட இடங்களில் தூவிக்கு ஈடில்லை. உயிருள்ள பறவையிடமிருந்தே இறகைப் பிடுங்குவார்களே என்ற சங்கடம் உள்ளவர்கள் 2014இல் வந்த ரெஸ்பான்சிபிள் டவுன் ஸ்டாண்டர்ட் முத்திரையைத் தேடலாம்.

லேபிளில் எழுதியிருக்கும் டிகிரியை எவ்வளவு நம்பலாம்? ஸ்லீப்பிங் பேக்குகளுக்கு ஐஎஸ்ஓ 23537 என்ற தரநிலை இருக்கிறது. வெப்பமூட்டிய பொம்மையை உள்ளே கிடத்தி அளக்கிறார்கள். அந்தப் பொம்மைக்கு அடியில் பேட் உண்டு. ஆக அந்த எண்ணே ‘அடியில் பாதுகாப்பு இருக்கிறது’ என்ற நிபந்தனையோடு வருகிறது. என்னுடைய பேக் பொய் சொல்லவில்லை, நான்தான் நிபந்தனையைப் படிக்கவில்லை. பேட்களின் ஆர் மதிப்புக்கு 2018இல் ஏஎஸ்டிஎம் எஃப் 3340 வந்தது. அதன்பிறகுதான் வெவ்வேறு கம்பெனிகளின் பேட்களை ஒப்பிட முடிகிறது. அண்டர்குயில்ட்டுக்கு இப்படி எந்தப் பொதுத் தரநிலையும் கிடையாது. ஒரு தயாரிப்பாளரின் மைனஸ் 7 இன்னொருவரின் பூஜ்யமாக இருக்கலாம். ஒருவர் ‘சுகமாகத் தூங்கலாம்’ என்ற அர்த்தத்தில் எழுதுவார், இன்னொருவர் ‘சாகமாட்டீர்கள்’ என்ற அர்த்தத்தில். எனவே டிகிரியை ஓரமாக வைத்துவிட்டு உப்பலின் கனத்தையும் அடைப்பின் எடையையும் கேட்பதே வழி. எதிர்பார்க்கும் குளிரைவிட ஐந்தாறு டிகிரி கூடுதலாகத் தாங்குவதை வாங்குங்கள். குளிர் அதிகம் தெரிகிற உடல்வாகு என்றால் இன்னும் கொஞ்சம்.

மேலே போர்த்துவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹேமக்கில் ஆடிக்கொண்டே ஸ்லீப்பிங் பேக்குக்குள் நுழைந்து ஜிப் போடுவது சர்க்கஸ் வேலை. நசுங்கிப் பயனற்றுப் போகும் அடிப்பாகத்தை எதற்குச் சுமக்க வேண்டும் என்று கேட்டு, நெடுநடையர் ரே ஜார்டின் தொண்ணூறுகளிலேயே அடிப்பாகமில்லாத குயில்ட்டைப் பிரபலமாக்கினார். தரையில் படுப்பவர்களைவிட ஹேமக்கில் படுப்பவர்களுக்கு அது நன்றாகப் பொருந்தியது. பாதத்துக்கு மட்டும் பெட்டி மாதிரி மூடியிருந்தால் போதும். இருக்கிற ஸ்லீப்பிங் பேக்கின் ஜிப்பை முழங்கால் வரை திறந்து போர்த்திக்கொண்டாலும் அதே வேலைதான். புதிதாக வாங்க அவசரமில்லை.

காற்றை மறந்துவிட்டுப் போர்வை பேசுவதில் அர்த்தமில்லை. அண்டர்குயில்ட்டின் மெல்லிய நைலான் வழியே பலத்த காற்று ஊடுருவும். சில நேரம் குயில்ட்டையே ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். இதற்கு மூன்று காவல். முதலாவது, டார்ப்பைக் காற்று வரும் பக்கம் தரையைத் தொடுகிற மாதிரித் தாழ்த்திக் கட்டுவது. குளிர்காலத்துக்கென்று இரு முனைகளிலும் கதவு வைத்த டார்ப்களும் உண்டு. இரண்டாவது, அண்டர்குயில்ட்டுக்கு வெளியே இன்னொரு மெல்லிய துணியுறை. மூன்றாவதுதான் முக்கியம், காசும் கேட்காது: இடம். மலைமுகட்டில் காற்று அறையும். ஓடைப் பள்ளத்தில் இரவில் கனத்த குளிர்காற்று வழிந்து வந்து குளமாகத் தேங்கும். நடுச்சரிவில், புதர் மறைவில் இரண்டு உயிருள்ள மரங்களைத் தேடுங்கள். தலைக்கு மேலே பட்ட கிளை தொங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பளபளக்கும் ஸ்பேஸ் பிளாங்கெட்டைப் பலர் மந்திரம் மாதிரி நம்புகிறார்கள். நாசாவின் 1964ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு என்ற பெருமை அதற்கு உண்டு. உடம்பின் கதிர்வீச்சைத் திருப்பி அனுப்புவதென்னவோ உண்மைதான். ஆனால் தோலோடும் துணியோடும் ஒட்டிக் கிடந்தால் பெரும்பகுதிச் சூடு கடத்தல் வழியாகவே போய்விடும், வேர்வையும் அதில் தண்ணீராகக் கோத்துக்கொள்ளும். ஹென்னெஸி ஹேமக்கின் சூப்பர்ஷெல்ட்டரில் அதைக் காற்றிடைவெளியோடு, ஃபோமுக்கு மேலே வைக்கிறார்கள். லேசான குளிருக்குச் சரி. அதைவிட எனக்குப் பிடித்தது சுடுதண்ணீர்ப் பாட்டில். கசியாத மூடி போட்ட கெட்டிப் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, ஒரு சாக்ஸுக்குள் நுழைத்துத் தொடைகளுக்கு நடுவே வைத்தால் இரண்டு மூன்று மணி நேரம் உடம்பு ரத்தத்தையே சூடாக்கிக்கொள்ளும். படுக்கும் முன் கொஞ்சம் கொழுப்பு, வேர்க்கடலை வெண்ணெயோ நெய்யோ, காய்ந்த சாக்ஸ், சிறுநீரை அடக்கிக்கொண்டு படுக்காமல் இருப்பது எல்லாமே கைகொடுக்கும். கடைசியாகச் சொன்னதைச் சோம்பேறித்தனத்தால் மீறி, ஒவ்வொரு முறையும் மூன்று மணிக்கு எழுந்திருக்கிறேன்.

புதிதாகத் தொடங்குகிறவர் என்னிடம் கேட்டால், முதல் வருடம் இரண்டடுக்கு ஹேமக்கும் ஒரு ஃபோம் பாயும் போதும், ஐந்து டிகிரிக்குக் கீழே போக வேண்டாம் என்பேன். அடுத்து அண்டர்குயில்ட், பட்ஜெட்டின் பெரும்பங்கு அதற்கு. 300 டாலரைத் தொட்டாலும் பரவாயில்லை, மேல் குயில்ட்டை ஒத்திப்போடலாம். மைனஸ் 10ஐ எதிர்பார்த்தால் அண்டர்குயில்ட்டோடு ஃபோம் பாயையும் உள்ளே போடுங்கள். இரண்டும் சேர்ந்து வேலை செய்யும், ஒன்று நழுவினால் மற்றது காப்பாற்றும். முதல் குளிர் இரவை மலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுத் தோட்டத்திலோ, கார் நிறுத்திய இடத்துக்குப் பக்கத்திலோ கட்டிப் படுங்கள். இரண்டு மணிக்கு இடுப்பு சில்லிட்டால் எழுந்து கால்பக்கக் கயிற்றை ஒரு முடிச்சு ஏற்றுங்கள், திரும்பப் படுத்துக் கையை விட்டுப் பாருங்கள். எனக்கு நாலாவது முடிச்சில் பொருந்தியது.